நான்கு நாள் மட்டும்தானா போகிறது?

கேள்வி: தனியார் சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ‘பூர்வீகச் சொத்தில் மகள்களின் உரிமை’ என்று பிஎச்.டி. பதிவு செய்து மூன்று வருடமாகிறது. சைபர் சட்டம், செயற்கை நுண்ணறிவு என்று போனால்தான் எதிர்காலம் என்கிறார் கைடு. தலைப்பை மாற்றலாமா? இதற்கு நடுவே அடுத்த மாதம் நானும் அம்மாவும் சொத்தில் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க ஊருக்குப் போக வேண்டும். (அப்பா 2003-ல் தவறிவிட்டார்.) அதில் நான்கு நாள் வேலை வேறு கெடும்.
– பெயர் வேண்டாம்

பதில்: தலைப்பு கிடக்கட்டும். அந்தப் பத்திரத்தில் எத்தனை ஏக்கர், என்ன சர்வே நம்பர், வரைவைக் கண்ணால் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நான்கு நாள் போகிறதே என்பதுதான் கவலை!

இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 1989-லேயே தமிழ்நாடு மகள்களுக்காகத் திருத்தியது. 2005-ல் நாடு முழுக்க மகளும் பிறப்பாலேயே பங்குதாரர் ஆனாள். அப்பா அந்த வருடம் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்தோ, விற்றோ, உயில்படி போயோ இருந்தால் ஒழிய உங்கள் பங்கு அப்படியே இருக்கிறது. இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? வகுப்பில் இதையே நடத்திவிட்டு, சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் மிஷினில் விரலை வைத்துவிட்டு வந்துவிடுவீர்களாக்கும்.

உங்கள் பங்கை அண்ணனுக்குக் கொடுப்பது உங்கள் இஷ்டம். அம்மாவை வைத்துப் பார்க்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கூடவே போகட்டும் என்று நினைக்கிறவள்தான் நான். ஆனால், ‘நானும் அம்மாவும்’ என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். அப்பா பங்கில் அம்மாவும் வாரிசு. அதையும் எழுதிக்கொடுத்த பிறகு நாளைக்கு ஓர் ஆபரேஷன் என்றால் அந்த அம்மாள் மகன் கையையும் மருமகள் முகத்தையும்தானே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்? நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு என்று உங்கள் வாயை அடைப்பார்கள். அம்மாவிடம் எந்தக் கணக்கைக் காட்டுவார்கள்? சட்டம் படித்த மகள் பக்கத்திலேயே இருந்து தாயைக் கையெழுத்துப் போட வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

தலைப்பை மாற்றாதீர்கள். பிஎச்.டி. இல்லாமல் இணைப் பேராசிரியர் ஆக முடியாது. மூன்று வருட உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற வயதா இது? பட்டம் வாங்கிய பிறகு சைபர் சட்டத்தில் கட்டுரை எழுதலாம், யார் தடுத்தது? இப்போது உங்கள் ஆய்வுக்குத் தீர்ப்புகளை விட அந்தப் பதிவு அலுவலக வாசல்தான் முக்கியம். விடுதலைப் பத்திரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற பெண்களிடம், படித்துப் பார்த்தீர்களா, பணம் ஏதாவது கைக்கு வந்ததா, யார் கூட்டி வந்தார்கள் என்று கேளுங்கள். கைடு இதற்கும் எதிர்காலம் இல்லை என்றால், கைடை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அதற்கு முன், பத்திர வரைவையும் வில்லங்கச் சான்றையும் அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். அம்மா பங்கு அம்மா பெயரிலேயே இருக்கட்டும் என்று அதே போனில் சொல்லிவிடுங்கள்.