தொட்டி சிறுத்துப் போச்சு, இனி எங்கே விடுவது?

மகனுக்கு வாங்கிய ஆமைக்குட்டி அப்போது பத்து ரூபாக் குற்றி அளவு. இப்போது சாப்பாட்டுக் கோப்பை அளவு. கோயில் கேணியில் விடலாமா? (வெள்ளவத்தை)

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறதா? அப்படியென்றால் அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. பெண் ஆமை 25 முதல் 30 சென்றிமீற்றர் வரை வளரும், நன்றாகப் பார்த்தால் 30 வருடமும் இருக்கும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

கேணியில் விட்டால் புண்ணியம் என்று பாட்டி சொல்லியிருப்பார். அவர் சொன்னது ஊர் ஆமையை! அடைமழைக்குக் கேணி நிரம்பினால் இது படியேறி நடந்துவிடும். கால்வாய், சதுப்பு எங்கும் நம்முடைய பாலாமையும் காராமையும் இருக்கின்றன. இரையிலும் வெயில் காயும் இடத்திலும் இது பங்கு கேட்கும். கொழும்பு 2018இல் ராம்சார் என்ற உலக ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகரமானது இந்தச் சதுப்புகளால்தான்.

பெரிய சீமெந்துத் தொட்டி, ஏறி வெயில் காய இரண்டு செங்கல், அது போதும். முடியாவிட்டால் இடவசதியுள்ள இன்னொருவருக்குக் கொடுங்கள். ஆமையைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அதன் பேசினைக் குசினியில் கழுவாதீர்கள். சல்மொனெல்லா கிருமிப் பயத்தால்தான் அமெரிக்காவே 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது.

டேங்க் கிளீனர் மீன் ஒரு முழம் வந்துவிட்டது. பொல்கொடை ஏரிக்குக் கொண்டுபோகலாமா? (தெஹிவளை)

வேண்டாம். தென்னமெரிக்க மீன் அது. கரையைக் குடைந்து முட்டையிடும், முள்ளுச் செதில் மீனவரின் வலையைக் கிழிக்கும். பெயர்தான் கிளீனர், பாசி முடிந்தபின் அது போடும் கழிவைக் கழுவுவது நீங்கள்தானே! பொல்கொடையில் ஏற்கெனவே தொட்டியிலிருந்து போன நைஃப் ஃபிஷ் என்ற கத்தி வடிவ வெளிநாட்டு மீன் குடித்தனம் நடத்துகிறது. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். பல கடைகள் எடுக்கும், காசு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

தொட்டிச் செடியையும் தண்ணீரையும் கானில் ஊற்றலாமா? (கொட்டாஞ்சேனை)

ஆகாயத்தாமரை இங்கே 1905 அளவில் அழகுச் செடியாக வந்தது. 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. எனவே செடியை மொட்டைமாடியில் பரப்பி, கையால் நொறுக்கினால் தூளாகும் வரை காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். தண்ணீரைப் பூச்சாடிக்கு ஊற்றலாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தை முட்டையை முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

லவ் பேர்ட்ஸைத் திறந்துவிட்டால் சுதந்திரம்தானே? (பம்பலப்பிட்டி)

உங்கள் தெருக் காகங்களைக் கேட்டுப் பாருங்கள். கூண்டில் பிறந்த குருவிக்கு இரை தேடத் தெரியாது.

அண்ணாவுக்கு யாரோ நட்சத்திர ஆமை கொடுத்தார்கள். இது நம்நாட்டு ஆமைதானே, விடலாமா? (வத்தளை)

நம்நாட்டு ஆமைதான், ஆனால் வறண்ட பிரதேசத்தது. வத்தளைச் சதுப்பில் விட்டால் நனைந்தே நோய்ப்படும். அதை வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் தொலைபேசி எடுங்கள். அவர்கள் வரும்வரை காற்றோட்டத் துளையிட்ட காட்போர்ட் பெட்டியில், நிழலில் வையுங்கள்.