ஹிப்-ஹாப்பும் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே மேடையில் எடுபடுமா? தமிழ் ராப்புக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூரில் ராப் பாடும் இரண்டு நண்பர்களோடு, வயலின், செல்லோ எல்லாம் வைத்து ஒரு நிகழ்ச்சி செய்ய நினைக்கிறார். இது உண்மையிலேயே எடுபடுமா, இல்லை பார்வைக்கு மட்டும்தான் பிரமாண்டமா என்று கேட்டிருக்கிறார்.

எடுபடும். ஆனால் ஆர்கெஸ்ட்ரா ராப்பரின் சொல்லுக்கு இடம் விட்டால்தான் எடுபடும். நான் சொல்ல வருவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவள். பதினான்கு வயதிலிருந்து வயோலா வாசிக்கிறேன், வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் தாழ்ந்தது. பகலில் வேறு வேலை. மாலையில் சிறு குழுக்களில் வாசிப்பேன், யாராவது கேட்டால் தந்தி வாத்தியங்களுக்கு ஸ்கோரும், அதாவது யார் எதை வாசிக்க வேண்டும் என்ற இசைக்குறிப்பும், எழுதிக் கொடுப்பேன். ராப்பரோடு முதலில் மேடை ஏறியது ஒரு விழாவில். கறுப்பு உடையில் வாருங்கள் என்றார்கள். எட்டுப் பேர் போனோம். எங்கள் பக்கம் ஒரு மைக்கூட இல்லை. ஏற்கெனவே பதிவு செய்த டிராக் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் வில்லை அசைத்துக்கொண்டிருந்தோம். பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு வீட்டுக்கு வந்து அழுதேன். வயலினை மேடை அலங்காரமாக மட்டும் பார்ப்பவர்களோடு சேராதீர்கள்.

இந்தச் சேர்க்கை ஒன்றும் புதிதில்லை. ஹிப்-ஹாப்பின் ஆரம்ப ஆண்டுகளிலேயே ஆர்கெஸ்ட்ரா அதற்குள் வந்துவிட்டது. 1982-இல் நியூயார்க் டிஜே ஆஃப்ரிக்கா பம்பாட்டா வெளியிட்ட ‘பிளானட் ராக்’ பாட்டில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே அடியாக அடிப்பது போல ஒரு சத்தம் வரும். ஃபேர்லைட் என்ற கணினி வாத்தியத்தில் இருந்த சாம்பிள், அதாவது பதிவிலிருந்து வெட்டியெடுத்த ஒலித் துண்டு அது. ஸ்ட்ராவின்ஸ்கி 1910-இல் பாலே நடனத்துக்காக எழுதிய ‘ஃபயர்பேர்ட்’ இசையிலிருந்து ஒரே ஒரு கணத்தை எடுத்துச் செய்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பையன்களிடம் எண்பது பேர் கொண்ட இசைக்குழு இல்லை. ஒரு விசையை அழுத்தினால் அது வந்தது. அந்தச் சத்தம் அப்புறம் எத்தனையோ பாட்டுகளில் ஒலித்துவிட்டது.

நம் ஊரில் இன்னும் கிட்ட. இரட்டைக் கோபுரத்துக்குள் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கம் திறந்தது 1998-இல். மலேசியன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா தன் வாசிப்பைத் தொடங்கியதும் அப்போதுதான். மலேசியத் தமிழ் ராப்பர் யோகி பி இருந்த பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பமும் அதே ஆண்டு வந்தது. இரண்டும் ஒரே நகரம், ஆனால் கேட்டவர்கள் வேறு. அந்த அரங்குக்குள் எங்கள் வீட்டில் அன்று யாரும் போனதில்லை. ஆனாலும் ஆர்கெஸ்ட்ரா எங்களுக்கு அந்நியமில்லை. இளையராஜாவின் கேசட்டில் அது தினமும் எங்கள் சமையலறையில் ஓடியது. அதனால்தான் 2006-இல் யோகி பி & நட்சத்திரா ‘வல்லவன்’ ஆல்பத்தில் ‘மடை திறந்து’ பாட்டை மறுபடி எடுத்தபோது, வயதானவர்களும் காது கொடுத்தார்கள். 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா போட்ட பாட்டு அது. ராப் தெரியாத என் பெரியப்பாவுக்கு அதன் தந்திகள் தெரியும். தமிழ் ராப்புக்கும் வயலினுக்கும் கல்யாணம் பேசப் புதிதாகத் தரகர் தேவையில்லை, அவை ஏற்கெனவே ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

சரி, அப்படியென்றால் ஏன் பல மேடைகளில் காதுக்குக் கஷ்டமாக இருக்கிறது?

என் அனுபவத்தையே சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் செந்தூலில் வளர்ந்த ஒரு தம்பிக்கு ஸ்கோர் எழுதினேன். பதினான்கு பேர்: முதல் வயலின் நான்கு, இரண்டாம் வயலின் நான்கு, வயோலா மூன்று, செல்லோ இரண்டு, டபுள் பாஸ் ஒன்று. அவனுடைய தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அதைப் பற்றித்தான் பாட்டு. ‘பட்டம் இல்ல, பட்டறை உண்டு, தாத்தன் சுத்தியல் சத்தம் உண்டு’ என்று தொடங்கும். நான் ஆசை ஆசையாக அந்த வரிக்குக் கீழே வயோலாவும் செல்லோவும் நீளமாக இழுக்கும்படி எழுதியிருந்தேன். காகிதத்தில் அழகாக இருந்தது. ஒரு கடையின் மாடியில் ஒத்திகை. அம்மா பின்னால் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், “ஏம்மா, படம் இல்ல, படம் இல்லன்னு பாடுறானே, எந்தப் படம்?” என்றார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. ‘படம்’ என்பதையும் ‘பட்டம்’ என்பதையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ட்ட’ வரும்போது நாக்கு மேலே ஒட்டி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சத்தமே நின்றுபோகிறது. அந்தச் சின்ன மௌனம்தான் ‘பட்டம்’ என்ற பொருளைத் தருகிறது. பட்டறை, சுத்தியல், சத்தம் எல்லாவற்றிலும் அதே மௌனம் இருக்கிறது. ராப்பில் அடி விழுவது போல நாம் உணர்வதும் அந்த இடத்தில்தான். நான் என்ன செய்திருந்தேன்? அந்த மௌனத்துக்குள் ஐந்து பேரின் வில் சத்தத்தை ஊற்றி நிரப்பியிருந்தேன். போதாததற்கு வயோலாவும் செல்லோவும் ஆண் குரல் நிற்கும் அதே சுருதி எல்லையில் நிற்பவை.

மறுவாரம் எல்லாவற்றையும் அழித்தேன். ராப் வரிகளின்போது வயோலாவும் செல்லோவும் வில்லைக் கீழே வைத்துவிட்டு, வரி முடியும் இடங்களில் மட்டும் விரலால் மீட்டும். முதல் வயலின்கள் மட்டும் குரலுக்கு மிக மேலே, நூல் போல மெலிதாக ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பல்லவி வந்ததும்தான் பதினான்கு பேரும் முழு வில்லில் இறங்குவோம். அதுவரை காத்திருந்து வருவதால் அந்த இடம் நெஞ்சில் மோதும். பாடி முடித்துவிட்டு அந்தத் தம்பி சொன்னான்: “அக்கா, இப்பதான் எனக்கு மூச்சு விட முடியுது.” அம்மாவுக்கும் பட்டம் கேட்டது.

அடுத்த சிக்கல் நேரம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. மேடையில் டபுள் பாஸ் உங்களிடமிருந்து பத்து மீட்டர் தள்ளி இருந்தால், அதன் சத்தம் ஏறக்குறைய 30 மில்லி நொடி தாமதமாக வரும். 90 பிபிஎம் பீட்டில், அதாவது நிமிடத்துக்கு 90 அடி விழும் வேகத்தில், ராப்பர் விடும் ஒரு கால் துணுக்கு (ஓர் அடியில் நான்கில் ஒரு பங்கு) 167 மில்லி நொடிதான். அதில் ஆறில் ஒரு பங்கு தூரத்திலேயே போய்விடுகிறது. இதற்கு மேல், வில் தந்தியில் பிடித்துச் சத்தம் எழும்பவும் கொஞ்சம் நேரம் ஆகும். இன்னொன்றும் உண்டு. நாங்கள் பாடகரோடு சேர்ந்து போகப் பழகியவர்கள். மெல்லிசைக் கச்சேரியில் பாடகர் ஓர் இடத்தில் நின்றால் நாங்களும் நிற்போம். ராப்பர் வேண்டுமென்றே பீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாடுவார், அதுதான் அவர் அழகு. அவருக்காக நாங்களும் பின்னால் போனோமோ, தொலைந்தது. பாட்டே இழுத்துக்கொண்டு போகும். எனவே எல்லோர் காதிலும் கிளிக், அதாவது தாளத்தை எண்ணிக் காட்டும் ‘டிக் டிக்’ சத்தம், வேண்டும். நேரத்தைப் பிடிப்பது டிரம்ஸ்காரர். இசை நடத்துநர் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். இதை முதல் ஒத்திகையிலேயே மரியாதையாகப் பேசித் தீர்த்துவிடுங்கள். வயதான நடத்துநர்களுக்கு இது மனக்கஷ்டம் தரக்கூடும்.

அடிக்குரலும் அப்படித்தான். 808 என்ற டிரம் இயந்திரத்தின் கிக்கும் டபுள் பாஸின் கீழ்த் தந்தியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ஒன்று பேசும்போது மற்றொன்று சும்மா இருக்கட்டும். நாங்கள் ஒரு பாட்டில் 808-ஐயே எடுத்துவிட்டு உறுமி வைத்தோம். வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல், 808 பாஸ் கீழே வழுக்கிக்கொண்டு போவதைப் போலவே இருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் வாசிக்கும் குழுவிலிருந்து ஒரு பையன் வந்தான். ஸ்கோர் படிக்கத் தெரியாது. இரண்டு முறை கேட்டான், மூன்றாவது முறை எங்களை அவன்தான் நடத்தினான்.

சாம்பிளிலிருந்து உருவான பாட்டை மேடைக்குக் கொண்டுவரும்போது இன்னொரு கவனம் வேண்டும். 2014-இல் வாஷிங்டனின் கென்னடி சென்டரில் அமெரிக்க ராப்பர் நாஸ், நேஷனல் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு தன் 1994 ஆல்பத்தைப் பாடினார். அந்த ஆல்பத்தின் பாட்டுகள் பெரும்பாலும் பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளால் ஆனவை. இயந்திரம் இரண்டு பாரை (பார் என்பது ஒரு தாளச் சுற்று) நாற்பது முறை சுற்றினாலும் சலிக்காது. மனிதக் கை சலிக்கும், வலிக்கும், கவனம் சிதறும். அப்படியே எழுதிக் கொடுக்காமல், எட்டு பாருக்கு ஒருமுறை ஏதாவது சின்னதாக மாற்றுங்கள்: வில்லின் திசை, ஒரு மாற்றுச் சுரம், இரண்டாம் வயலினின் ஓர் எதிர்க்குரல். கேட்பவருக்கு, சுற்றிச் சுற்றி வரும் அந்த லூப் லூப்பாகவே இருக்கும், வாசிப்பவருக்கு உயிர் இருக்கும்.

சினிமா இதில் கொடுத்துவைத்தது. ராப் ஒரு நாள், தந்திகள் வேறு நாள், மிக்ஸிங்கில் எதை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2018-இல் வந்த ‘பிளாக் பேந்தர்’ படத்துக்கு லுட்விக் யோரன்சன் போட்ட பின்னணி இசையை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆஸ்கர் வாங்கியது. வில்லனுக்கு வரும் இசையில் மேற்கு ஆப்பிரிக்கப் புல்லாங்குழலும் 808-உம் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வரும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. முறை வைத்துப் பேசும். மேடைக்கு ஸ்கோர் எழுதும் முன் நான் இன்னும் அதைத்தான் கேட்கிறேன்.

அரங்கைப் பொறுத்தவரை, சிம்ஃபனிக்காகக் கட்டிய இடத்தில் எதிரொலி நீளம். வயலினுக்கு அது தேன், வேகமான ராப்புக்கு எதிரி. நாடகம் போடும் அளவான அரங்கு கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கவ்வும் மைக், டிரம்ஸைச் சுற்றி ஒரு கண்ணாடித் தடுப்பு, ராப்பரை ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்கவைப்பது, இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். பணம் போதாவிட்டால் வாசிப்பவர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். நல்ல மைக்கோடு நான்கு பேர், மைக் இல்லாத இருபது பேரைவிட மேல்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் நண்பர்களைப் பீட் இல்லாமல், இசை இல்லாமல் பாட்டை முழுதும் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். பிறகு வரிகளை அச்சடித்து, ‘ட்ட’, ‘த்த’ போல இரட்டை மெய் வரும் இடங்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். மூச்சு எடுக்கும் இடங்களுக்கு நீலம். அந்தத் தாளோடு ஒரு வயோலாக்காரரையோ செல்லோக்காரரையோ போய்ப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வருவதாக இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சனிக்கிழமை மாலைகளில் நான் ஓய்வாகத்தான் இருப்பேன்.