அழுது முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. போனை வாங்கி வைத்தால் தரையில் விழுந்து உதைக்கிறான். கையில் கிடைப்பதை என்மேல் எறிகிறான். பொறுமையாக இருக்கத்தான் நினைக்கிறேன், கடைசியில் நானும் கத்திவிடுகிறேன். இரவில் அவன் தூங்குவதைப் பார்த்தால் அழுகை வருகிறது. என்னதான் செய்வது?

பதில்: சகோதரி, அவன் உதைக்கும் அந்தச் சில நிமிடங்களில் அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. இதை ஏற்றுக்கொண்டாலே உங்கள் பாரம் பாதி இறங்கிவிடும். ஆத்திரத்தை அடக்க உதவும் மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். 4 வயதில் அந்த வேலையை அவனுக்காக வெளியிலிருந்து செய்வது நீங்கள்தான்.

அதனால் முதலில் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். வாய் திறப்பதற்கு முன் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். அப்புறம் அவனருகே உட்கார்ந்துவிடுங்கள். நின்றபடி பேசும் பெரியவர், தரையில் கிடக்கும் குழந்தைக்குப் பயமுறுத்துபவராகவே தெரிவார். எறிய ஓங்கும் கையை வலிக்காமல் பிடித்து, "எறிய விடமாட்டேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "ஏன்டா இப்படிப் பண்றே?" என்று கேட்காதீர்கள். அவனுக்கே அது தெரியாது.

உடனே அணைக்கப் போனால் பல குழந்தைகள் தள்ளிவிடும். மனம் நோக வேண்டாம். அமெரிக்காவில் குழந்தைகளின் உடையிலேயே சிறு மைக்கைத் தைத்து, இப்படிப்பட்ட நேரங்களில் எழும் சத்தங்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். அலறலும் கத்தலும் கோபத்தோடு சேர்ந்து வருகின்றன, சீக்கிரமே உச்சத்தைத் தொட்டு இறங்குகின்றன. அழுகையும் சிணுங்கலும் துக்கத்தைச் சேர்ந்தவை. நீங்களும் காதைத் தீட்டிக் கேளுங்கள். அலறல் ஓய்ந்து வெறும் அழுகையாக மாறும்போது கையை நீட்டினால், அவனே மடிக்கு வருவான்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். போன் திரும்ப வரக்கூடாது. நிதானம் வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. பத்து முறை மறுத்து, பதினோராவது முறை கொடுத்தால், விடாமல் கத்தினால் கிடைக்கும் என்றுதான் அவன் தெரிந்துகொள்வான். எப்போதாவது பலன் தரும் பழக்கம்தான் லேசில் போகாது. நீங்கள் உறுதியானதும் முதலில் கத்தல் கூடவும் செய்யலாம், அதைக் கண்டு பின்வாங்காதீர்கள்.

போன் விஷயத்தில் என் யோசனை இது. வீடியோவின் நடுவில் பிடுங்காமல், "இது முடிஞ்சதும் நீயே நிறுத்தணும்" என்று முன்பே சொல்லி, பொத்தானை அவனையே அழுத்த விடுங்கள்.

சரி, கத்திவிட்டீர்கள். அன்றே அவனிடம், "அம்மா கத்தினது தப்பு. எனக்குக் கோபம் வந்துடுச்சு" என்று சொல்லுங்கள். "ஆனா நீ..." என்று தொடர வேண்டாம். தாயும் சேயும் முகம் பார்த்துப் பழகுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் டிரோனிக், நல்ல உறவிலும் இருவருக்கும் இடையே இசைவு அடிக்கடி தவறுகிறது என்று காட்டியிருக்கிறார். தவறியபின் மறுபடி சேர்வதுதான் குழந்தைக்கு நம்பிக்கை தருகிறது. இரவில் தனியாக அழும் அந்த அன்பை, விழித்திருக்கும்போது அவன் கேட்கட்டும்.

கேள்வி: 7 வயதுப் பேத்தி பள்ளியில் தங்கம் என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அற்ப விஷயத்துக்கெல்லாம் வெடிக்கிறாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?

பதில்: இல்லை ஐயா. நாள் முழுக்க அடக்கி வைத்திருப்பதை, பயமில்லாத இடத்தில் இறக்கி வைக்கிறாள். வந்ததும் "இன்னிக்கு என்ன நடந்தது?" என்று விசாரிக்காமல், சாப்பிட ஏதாவது கொடுத்துச் சற்று நேரம் சும்மா விடுங்கள். ஆனால் தன்னையோ பிறரையோ அடிக்கடி காயப்படுத்தினாலும், பள்ளிக்குப் போகவே அஞ்சினாலும், தூக்கமோ பசியோ கெட்டாலும் தாமதிக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.