சுண்ணாம்புப் பாறையில் அமிலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கரியமில வாயுவைப் பூமிக்கடியில் புதைப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கனடாவில் அதைச் சுண்ணாம்புப் பாறைக்குள் செலுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலம். அமிலம் பட்டால் சுண்ணாம்புக்கல் கரையும். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே? கரைகிற பாத்திரத்திலா அமிலத்தை ஊற்றி வைப்பது? இரண்டே வருடத்தில் வாயு கல்லாகிவிடும், கவலையே வேண்டாம் என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது?

எஸ்.,
திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

கரையும் என்பது சரி. சுண்ணாம்புக் குகைகள் உண்டாவதே அப்படித்தான். எவ்வளவு கரையும் என்று கேட்டுப் பார்த்தால்தான் விஷயம் வேறாகத் தெரியும்.

குழாய் வழியாக இறங்கும் வாயு உலர்ந்தது. அதற்கு அமிலக் குணம் கிடையாது. பாறையின் நுண்துளைகளில் ஏற்கெனவே இருக்கும் உப்புநீரில் கரையும்போதுதான் கார்பானிக் அமிலம் பிறக்கிறது. ஆழத்து அழுத்தத்தில் அந்த நீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3 பக்கம் இறங்கக்கூடும். ஆனால் சுண்ணாம்புப் பாறையைத் தொட்டதும் அதன் முக்கியத் தாதுவான கால்சைட் கொஞ்சம் கரைந்து, கால்சியமும் பைகார்பனேட்டும் நீரில் சேர, பிஎச் 5ஐ நோக்கி ஏறிவிடுகிறது. அத்தோடு அந்த நீரின் பசி அடங்கிப்போகும். மேலும் கரைய வேண்டுமென்றால் புதுத் தண்ணீர் வரவேண்டும். கார்பானிக் அமிலம் கொஞ்சம் சோப்ளாங்கி அமிலம்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் நீர் 3 கிராம் கால்சைட்டைக் கரைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துளையில்லாத ஒரு கன மீட்டர் கால்சைட்டின் எடை சுமார் 2,700 கிலோ. அதைக் கரைத்து முடிக்க 9 லட்சம் லிட்டர் அமில நீர் வேண்டும். அதுவும் ஒவ்வொரு லிட்டரும் புதிதாக வந்தாக வேண்டும். ஒரே இடத்தில் தேங்கிக் கிடக்கும் நீரால் அது ஆகாது.

கனடாவில் நான் சொன்ன இடம் சஸ்காட்சவான் மாகாணத்து வெய்பர்ன் எண்ணெய் வயல். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வரும் கரியமில வாயு, 2000ஆம் ஆண்டு முதல் அங்கே சுமார் 1,450 மீட்டர் ஆழத்தில் இறங்குகிறது. (எண்ணெயை வெளியே தள்ளத்தான் முதலில் வாங்கினார்கள். புண்ணியம் அப்புறம் சேர்ந்தது.) செலுத்துவதற்கு முன்பும் பின்பும் கிணறுகளிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். பிஎச் குறைந்தது, கால்சியமும் பைகார்பனேட்டும் கூடின. நீங்கள் சொல்லும் வினை நடக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பாறை ஒன்றும் இடிந்து விழவில்லை. இன்னொன்று, அங்கே வாயுவை மேலிருந்து மூடியிருப்பது சுண்ணாம்புக்கல் இல்லை. அன்ஹைட்ரைட், அதாவது நீரில்லாத ஜிப்சம் அடுக்கு. கார்பானிக் அமிலம் கால்சைட்டைப் பதம் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் பயமே வேண்டாமா? வேண்டும், வேறு இடத்தில். நீர் வேகமாகப் பாயும் கிணற்றடியில் பாறை எல்லாப் பக்கமும் சமமாகக் கரைவதில்லை. சற்றே பெரிய துளை வழியாக அதிக நீர் போகும், அதனால் அது இன்னும் பெரிதாகும், அதனால் இன்னும் அதிக நீர் போகும். கடைசியில் புழு அரித்ததுபோல ஒரு வழி விழுந்துவிடும். மொத்தத்தில் கரைந்த கல் கொஞ்சம்தான், ஆனால் நீர் ஊடுருவும் வேகம் பல மடங்கு கூடிவிடும். எண்ணெய்க்காரர்களுக்கு இது பழைய சங்கதி. சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி வழி திறக்கும் முறைக்கு ஹெர்மன் ஃபிராஷ் 1896இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

என்னைக் கேட்டால், பாறையைவிடக் கிணற்றைச் சுற்றிப் பூசிய சிமெண்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். டெக்சாஸில் சாக்ராக் என்ற சுண்ணாம்புப் பாறை எண்ணெய் வயலில் 1972 முதல் கரியமில வாயு செலுத்துகிறார்கள். சுமார் 30 வருடம் அந்த வாயுவோடு பழகிய ஒரு கிணற்றின் சிமெண்டை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தது. உள்ளே பழைய சாம்பல் நிறச் சிமெண்ட், உறுதியாகவே இருந்தது. நல்ல சேதிதான். ஆனால் அது ஒழுங்காகப் பூசிய சிமெண்ட். விரிசல் விட்ட சிமெண்டும், எங்கே இருக்கிறதென்று பதிவே இல்லாத பழைய கிணறும் வேறு கதை.

அந்த யூடியூப்காரர் சொல்வது ஐஸ்லாந்துக் கதை. அங்கே 2012இல் எரிமலைக் கல்லான பசால்ட்டுக்குள், தண்ணீரில் கரைத்த வாயுவை அனுப்பினார்கள். இரண்டு வருடத்துக்குள் 95 சதவீதத்துக்கும் மேல் கல்லாகிவிட்டதாக 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. உண்மைதான். ஆனால் பசால்ட்டில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சிலிகேட்டாக இருப்பவை. அவை புதிதாக வந்த கார்பனைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பாறையின் கால்சியம் ஏற்கெனவே கார்பனேட்டாக இருக்கிறது. புதிதாகப் பிடிக்க அதனிடம் கை மிச்சமில்லை. அங்கே கரியமில வாயு பெரும்பாலும் வாயுவைப்போன்ற அடர்திரவமாகவும் நீரில் கரைந்துமே நெடுங்காலம் இருக்கும். ஆகவே வெய்பர்ன் மாதிரி இடங்களில் மூடியையும் கிணறுகளையும் செலுத்தி முடித்த பிறகும் கண்காணிக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பது அடுத்த கடிதத்துக்கான கேள்வி.