ஆம்பியர் கூடினால் லேப்டாப் எரிந்துவிடுமா?

கேள்வி: என் டெல் லேப்டாப்பின் அடாப்டர் செத்துவிட்டது. அதில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று போட்டிருந்தது. கடையில் பல பின் மாட்டுகிற யுனிவர்சல் அடாப்டர் கொடுத்தார்கள். லேப்டாப் ஓடுகிறது, பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. பேட்டரியை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். இன்னொரு கடையில் 4.62 ஆம்பியர் டெல் அடாப்டர் இருக்கிறது. வாங்கினால் போர்டு எரிந்துவிடுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: எரியாது. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. 4.62 என்பது அந்த அடாப்டரால் கொடுக்க முடிந்த உச்சம். லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும்: உங்களுடையது 65 வாட், இது 90 வாட். பின் சரியாக உட்கார்ந்தால் தாராளமாக வாங்குங்கள். டெல்லிலேயே 7.4 மில்லிமீட்டர் தடி பின்னும் உண்டு, 4.5 மில்லிமீட்டர் ஒல்லிப் பின்னும் உண்டு. பழைய அடாப்டரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பேட்டரிக்கு மட்டும் இப்போது காசு கொடுத்துவிடாதீர்கள். டெல் பின்னுக்குள் எட்டிப் பாருங்கள், நடுவில் ஊசி மாதிரி ஒன்று நிற்கும். லேப்டாப் ஓடுவதற்கான கரன்ட் அதில் வருவதில்லை. அடாப்டருக்குள் இருக்கும் சின்ன சிப், தான் எத்தனை வாட் என்பதை அந்த ஊசி வழியாகத்தான் லேப்டாப்புக்குச் சொல்லும். பெரும்பாலான யுனிவர்சல் அடாப்டர்களில் அந்த சிப் கிடையாது. தகவல் வராவிட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஊசி வளைந்தாலும், ஒயருக்குள் அதற்கான மெல்லிய கம்பி அறுந்தாலும், லேப்டாப் பக்கத்து ஜாக் ஆடினாலும் இதே கதைதான். இதை வைத்துத்தான் "பேட்டரி போச்சு", "மதர்போர்டு போச்சு" என்று ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். சரியான அடாப்டரைப் போட்டுப் பார்க்காமல் எதையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

"ஒரிஜினல்தான், பாக்ஸ் மட்டும் இல்லை" என்றால் நம்பாதீர்கள். ஸ்டிக்கரைப் பாருங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு 'ஆர்' எழுத்தும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த கம்பெனி, என்ன பொருள் என்று வரும். செல்போன் சார்ஜருக்கு வாங்கிய எண்ணை லேப்டாப் அடாப்டரில் ஒட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பதிவு கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது, பதிவில்லாத சரக்கு நடைபாதை வரைக்கும் குவிந்து கிடக்கிறது. சோதிக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் முதல் புது லேப்டாப்புகளுக்கும் டைப்-சி சார்ஜிங் கட்டாயம் என்று சட்டம் போட்டது. கம்பெனிகளைத் தானாகத் திருந்த விட்டிருந்தால் இன்னும் பத்து வகைப் பின்னைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்போம்.

லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போங்கள். புது அடாப்டரை மாட்டி, ஆன் செய்ததும் எஃப்2 பட்டனைத் தட்டுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் என்கிற செட்டிங்ஸ் திரை வரும். அதில் பேட்டரி விவரம் இருக்கும் பகுதியில் அடாப்டர் 90 வாட் என்று காட்ட வேண்டும். காட்டினால் பில் கேட்டு வாங்குங்கள். 'அன்நோன்' (தெரியாத அடாப்டர்) என்று வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.