கேளுங்கள், சொல்கிறேன்: யூதர்களின் சட்ட நூல்களும் வீட்டு வாழ்க்கையும்

மதங்கள் வீட்டுக்குள் வகுத்த விதிகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது யூதர்களை நாலு வரியில் முடித்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுவே.

யூதர்களின் சட்டம் என்றால் பைபிளின் பழைய ஏற்பாடுதானே? அதைப் படித்தாலே அவர்களுடைய குடும்ப வாழ்க்கை புரிந்துவிடாதா?
வாசகி, திண்டுக்கல்

புரியாது. அங்கே இருப்பது விதை மட்டும்தான். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே என்ற வரி மோசேயின் நூல்களில் மூன்று இடத்தில் வருகிறது. இறைச்சிக்கு ஒரு செட், பாலுக்கு ஒரு செட் என்று யூதர்களின் சமையலறைப் பாத்திரங்கள் இரண்டாகப் பிரிந்தது அந்த ஒரு வரியிலிருந்துதான். இறைச்சி சாப்பிட்டபின் பால் சேர்ந்ததைத் தொட எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? பலருக்கு 6 மணி நேரம், ஜெர்மனி வழிவந்த குடும்பங்களில் 3, ஹாலந்துக்காரர்களுக்கு 1. இதையெல்லாம் பைபிளில் தேடினால் கிடைக்காது.

வாய்வழியாக வந்த சட்டங்களைக் கி.பி. 200 வாக்கில் தொகுத்த நூல் மிஷ்னா. அதில் ஆறு பிரிவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயரே 'நஷீம்', அதாவது பெண்கள். கல்யாணம், விவாகரத்து எல்லாம் அதில்தான் வரும். மிஷ்னாவை வைத்து நடந்த விவாதங்கள் தல்மூத் ஆயின. பாபிலோனியத் தல்மூத் இன்றைய அச்சில் 2,711 தாள்கள். நாளுக்கு ஒரு தாள் படித்தால் முடிக்க ஏழரை வருடம் ஆகும். இவ்வளவையும் சுருக்கி, வீட்டில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு நூலை யோசேப் காரோ இன்றைய இஸ்ரேலில் உள்ள சஃபேத் நகரில் 1563-இல் எழுதி முடித்தார். பெயர் 'ஷுல்கான் அருக்', சாப்பாடு எடுத்துவைத்த மேசை என்று பொருள். நம் வழக்கில் சொன்னால் 'இலை போட்டாயிற்று'. போலந்து, ஜெர்மனிக்காரர்களின் வழக்கங்கள் அதில் விட்டுப்போயின என்று கிராக்கோவின் மோசே இசர்லெஸ் தன் குறிப்புகளைச் சேர்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மேசைவிரிப்பு'. இன்றும் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் அச்சாகின்றன.

நான் சட்டம் படித்தவன் இல்லை. எதில் தொடங்கலாம்?
வாசகர், நாகர்கோவில்

சட்ட நூலில் தொடங்காதீர்கள். ஹாம்பர்க் நகரில் வாழ்ந்த கிளூக்கெல் என்ற வியாபாரிப் பெண்ணின் நினைவுக் குறிப்புகளில் தொடங்குங்கள். 1689-இல் கணவர் இறந்தார். தூக்கம் வராத இரவுகளைக் கடத்த, 1691-இல் தன் பிள்ளைகளுக்காக, ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் எழுத ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் கிடைக்கிறது.

அதில் ஓர் இடத்தைச் சொல்கிறேன். கணவர் சாகக் கிடக்கிறார். கிளூக்கெலுக்கு அப்போது மாதவிலக்கு; முழுக்குப் போடும்வரை கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். "உங்களைப் பிடித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார். வேண்டாம், நீ முழுகப்போகும் நாள் தூரத்தில் இல்லையே என்கிறார் அவர். அந்த நாள் வருமுன் போய்விட்டார். இந்த விலக்குச் சட்டம் ஷுல்கான் அருக்கில் பல அத்தியாயங்களுக்கு விரிகிறது. நான் அதை முதலில் வாசித்தபோது வெறும் விதிகளாகத்தான் தெரிந்தது. கிளூக்கெலைப் படித்துவிட்டுத் திரும்பப் போனபோது, வரிக்கு வரி ஒரு கட்டிலும் அதன் பக்கத்தில் நிற்கிற ஒருத்தியும் தெரிந்தார்கள்.

அப்புறம் மிஷ்னாவுக்கு வாருங்கள். கல்யாணத்தைப் பற்றிய 'கித்துஷின்' என்ற பகுதி நாலே அத்தியாயம். செஃபாரியா என்ற இணைய நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகவே இருக்கிறது.

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பற்றி அந்த நூல்கள் என்ன சொல்கின்றன? என் மாமியாருக்கு நினைவு தப்பிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்.
வாசகி, ஈரோடு

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. என் அம்மாவும் கடைசி நாலு வருடம் அப்படித்தான் இருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, புடவையை மாற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கதவைத் தட்டுவாள்.

தல்மூதில் கித்துஷின் 31-ஆம் தாளில் இதற்கான கதைகள் இருக்கின்றன. ராபி தர்போன் (ராபி என்றால் சட்டம் தெரிந்த மதகுரு) குனிந்து நிற்பார். அவர் முதுகில் கால்வைத்துத்தான் அவருடைய அம்மா கட்டிலில் ஏறுவாள். இதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அடுத்த கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. ராவ் அசி என்ற அறிஞரின் வயதான அம்மா நகை கேட்டாள், செய்துகொடுத்தார். புருஷன் வேண்டும் என்றாள், பார்க்கிறேன் என்றார். உன்னைப் போலவே அழகான புருஷன் வேண்டும் என்றாள். அவர் அவளை விட்டுவிட்டு இஸ்ரவேல் தேசத்துக்குப் போய்விட்டார்.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த யூத அறிஞர் மைமோனிதிஸ் இதற்கு விதி எழுதினார். புத்தி கலங்கிய தாய் தகப்பனிடம் அவர்கள் மனப்போக்குக்கு ஏற்றபடி நடக்க முயல வேண்டும். கலக்கம் முற்றி, தாங்கவே முடியாமல் போனால், விலகிப்போய் மற்றவர்களை வைத்துச் சரியாகப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம் என்றார். அதே காலத்தில் பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த ராபி ஆபிரகாம் பென் தாவித் இதை ஏற்கவில்லை. இது சரியான தீர்ப்பு இல்லை. மகனே விட்டுப்போனால் பார்த்துக்கொள்ளும்படி யாரிடம் சொல்வான் என்று கேட்டார். இந்த எதிர்ப்பும் மைமோனிதிஸின் நூலோடு சேர்ந்தே அச்சாகி வருகிறது. ஷுல்கான் அருக் மைமோனிதிஸின் பக்கம் நின்றது.

கடைசி ஒரு வருடம் அம்மாவுக்கு ஆள் வைத்தேன். உறவில் பலர் ஏசினார்கள். அன்று இந்தப் பக்கம் கண்ணில் பட்டிருந்தால் தேவலை. உங்களுக்கும் முடியாத நாள் வரலாம். அன்று ஆள் வையுங்கள், ஆனால் சரியாகப் பார்க்கிற ஆளா என்று நீங்களே போய்ப் பாருங்கள். 'ஏற்பாடு செய்யலாம்' என்ற இடத்தில் 'சரியாக' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் மைமோனிதிஸ் எழுதியிருக்கிறார்.

அவர்களிடம் விவாகரத்து உண்டா? பெண் கேட்கலாமா?
வாசகி, சென்னை

உண்டு. 'கெத்' என்ற பத்திரத்தைக் கணவன் மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு ஜோடிக்கென்றே கையால் எழுதுவார்கள், வழக்கமாகப் 12 வரி. ஊரின் பெயரோடு அந்த ஊர் ஆற்றின் பெயரையும் சேர்ப்பார்கள்.

மனைவியின் சம்மதம் இல்லாமல் தள்ளிவைக்கக் கூடாது என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே ராபி கெர்ஷோம் கட்டுப்பாடு வைத்தார். ஆனால் கணவன் கொடுக்க மறுத்தால்? அவள் 'அகுனா', கட்டுண்டவள். மறுமணம் செய்ய முடியாது. இஸ்ரேலில் 1995-இல் வந்த சட்டப்படி, கொடுக்க மறுக்கிறவனை ராபிகளின் நீதிமன்றம் சிறைக்குக்கூட அனுப்பலாம். சிறைக்குப் போயும் கொடுக்காதவர்கள் உண்டு. ஒரு பெண்ணின் விடுதலையை ஒரு ஆணின் கைக்குள் வைத்த விதி இது. இந்த நூல்களை எவ்வளவு மதித்தாலும் இதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அவர்களுக்குள்ளேயே இதை எதிர்த்துப் போராடும் பெண்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

கிழிந்துபோன சாமி புத்தகத்தை நாங்கள் ஆற்றில் விடுவோம். அவர்கள்?
வாசகர், திருவையாறு

புதைப்பார்கள். அதுவரை 'கெனிசா' என்று ஓர் அறையில் போட்டுவைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபாலயத்தில் அப்படிச் சேர்ந்தது அப்படியே கிடந்தது. 1896-97-இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து சுமார் 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார்.

அந்தக் கெனிசாத் தாள்களில் நம் பக்கத்து மங்களூரின் கதையும் இருக்கிறது. அங்கே வாழ்ந்த துனீசியா நாட்டு வணிகர் ஆபிரகாம் பென் யிஜு 1132 அக்டோபர் 17-இல் ஆஷு என்ற அடிமைப் பெண்ணை விடுதலை செய்து யூதச் சட்டப்படி பத்திரம் எழுதினார். ஆஷு உள்ளூர்ப் பெண். பென் யிஜுவின் பிள்ளைகளுக்குத் தாயும் அவளே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பின்னாளில் பென் யிஜு தன் மகளைத் தன் சகோதரர் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். நம் வீடுகளில் அது அண்ணன் தங்கை முறை. அவர்கள் வழக்கத்தில் அதைவிட நல்ல வரன் இல்லை.