பட்டத்தின் பெயரை விடுங்கள், 24 பாடங்களைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், வணிகக் கணிதம் படித்து 600-க்கு 561 வாங்கியிருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் எகனாமிக்ஸ் படித்துவிட்டு எம்.ஏ., முடிந்தால் பிஎச்.டி. வரை போகவேண்டும் என்பது அவள் ஆசை. மெல்பர்ன், ஏஎன்யூ (ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம்), யூஎன்எஸ்டபிள்யூ (நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம்) மூன்றையும் பார்த்து வைத்திருந்தோம். கன்சல்டன்சிக்காரர், "மெல்பர்னில் எகனாமிக்ஸ் டிகிரியே கிடையாது, பி.காம்.தான் தருவார்கள். அதை வைத்து எகனாமிஸ்ட் ஆக முடியாது" என்கிறார். வேறொரு பல்கலைக்கழகத்தைச் சொல்லி, அதன் கல்லூரியில் ஓராண்டு டிப்ளமா முடித்தால் பேச்சலர் ஆஃப் எகனாமிக்ஸ் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம், பிடிக்காவிட்டால் ஆறு மாதத்தில் மாறிக்கொள்ளலாம், இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் ஸ்காலர்ஷிப் உண்டு என்கிறார். என்ன செய்வது?
(ஈரோட்டு வாசகர் ஒருவர்)

பதில்: உங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்கு முதலில் வருகிறேன். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து எகனாமிக்ஸை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்தவர் பொருளியல் பட்டதாரிதான். அந்தப் பல்கலைக்கழகம் 2008-இல் தன் இளநிலைப் பட்டங்களை ஒரு சிலவாகச் சுருக்கிக்கொண்டது. அந்த ஏற்பாட்டில் எகனாமிக்ஸ் பி.காம்.முக்குள்ளும் பி.ஏ.வுக்குள்ளும் ஒரு மேஜராக இருக்கிறது. எம்.ஏ.வுக்கோ பிஎச்.டி.க்கோ ஆள் எடுப்பவர்கள் சான்றிதழின் தலைப்போடு நிற்பதில்லை. மதிப்பெண் பட்டியலை விரித்து, நுண்ணினப் பொருளியலும் பேரியல் பொருளியலும் எந்த நிலை வரை படித்திருக்கிறார், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதார அளவையியல்) எத்தனை தாள், கணிதம் எத்தனை தாள் என்று பார்ப்பார்கள். நம் ஊரில் பி.காம். என்றாலே கணக்கும் வரியும் என்று மனதில் ஊறிப்போயிருக்கிறது. அதனால்தான் இந்தப் பயமுறுத்தல் சுலபமாகப் பலிக்கிறது.

ஒப்பிடுவதற்குத் தரவரிசையை நம்பி உட்காராதீர்கள். க்யூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் பெரும் எடை கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புக்கும் ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களுக்கும் போகிறது. முதலாண்டு மாணவிக்கு டியூட்டோரியல் வகுப்பில் யார், எத்தனை பேருக்கு நடுவே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. அங்கே படிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால் ஆஸ்திரேலிய அரசு நடத்தும் கம்பேர்எட் இணையதளத்தில் பாருங்கள். பெரிய பெயர்கள் சில அங்கே சிறிய பல்கலைக்கழகங்களுக்குப் பின்னால் நிற்கும்.

அடுத்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து 24 கட்டம் போடுங்கள். நீங்கள் சொன்ன மூன்று இடங்களிலும் மூன்றாண்டுப் பட்டம் என்பது 24 பாடங்கள்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பாடத்திட்டத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஹேண்ட்புக் என்ற பெயரில் இருக்கும். அதைப் பார்த்துக் கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் நிரப்புங்கள். முதலாண்டு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாம் ஆண்டில்தான் வித்தியாசம் வெளிப்படும். நுண்ணினப் பொருளியலின் இரண்டாம் தாளில் வகைநுண்கணிதம் வருகிறதா? எகனாமெட்ரிக்ஸ் கட்டாயமா, விருப்பப் பாடமா? உங்கள் மகளின் பிளஸ் டூ பொருளியல் புத்தகத்தில் கடைசிப் பாடமாக எட்டிப்பார்த்த அந்தப் பொருளாதார அளவையியல்தான் இன்று பொருளியல் வேலை, ஆய்வு இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு. அது இல்லாமலே முடித்துவிடக்கூடிய பட்டத்துக்கு எவ்வளவு அழகான பெயர் இருந்தாலும் அவள் ஆசைக்கு அது உதவாது.

மெல்பர்னில் சொந்தத் துறைக்கு வெளியேயும் சில பாடங்கள் எடுத்தே ஆகவேண்டும். கணிதத்தில் பலம் சேர்க்க அந்த இடங்களைப் பயன்படுத்திக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஏஎன்யூவின் பேச்சலர் ஆஃப் எகனாமிக்ஸ் பொருளியலை நடுவில் வைத்துக் கட்டிய பட்டம். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் 2024-இல் 25 கோடி டாலர் செலவுக் குறைப்பை அறிவித்தது. ஹேண்ட்புக்கில் உள்ள விருப்பப் பாடங்கள் எல்லாம் அவள் போய்ச் சேரும் ஆண்டில் நடக்குமா என்று கேட்டுவிடுங்கள். யூஎன்எஸ்டபிள்யூ 2019 முதல் ஆண்டுக்கு மூன்று பருவம் என்று மாறியது, ஒவ்வொன்றும் பத்து வாரம். மற்ற இரண்டிலும் வகுப்புகள் பன்னிரண்டு வாரம் நடக்கும். புது ஊர், புது உச்சரிப்பு என்று பிள்ளை நிலைகொள்வதற்குள் மிட்-டெர்ம் வந்துவிடும். நீங்கள் கேட்காத சிட்னி பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறை பிசினஸ் ஸ்கூலில் இல்லை, கலைத் துறையில் இருக்கிறது. அங்கே அரசியல் பொருளாதாரம் என்று தனித் துறையும் உண்டு. இன்றைய பிரதமர் ஆல்பனீசி மாணவராக இருந்தபோது அந்தப் படிப்பைக் காப்பாற்றப் போராடியவர். நல்ல படிப்புதான், ஆனால் உங்கள் மகள் தேடுவது அதுவல்ல. எகனாமெட்ரிக்ஸிலேயே இறங்கவேண்டும் என்றால் அதற்கென்று தனித் துறை வைத்திருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்றில் எதில் சேர்ந்தாலும் தவறில்லை என்று சொல்லி முடித்திருப்பேன். உங்கள் மகள் படித்தது வணிகக் கணிதம் என்பதால் முடிக்க முடியவில்லை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் கணிதத் தகுதியை இரண்டு விதமாகக் கேட்பார்கள். ஒன்று, கட்டாய முன்தகுதி. மெல்பர்ன் பி.காம். அந்த வகை: விக்டோரியா மாநிலப் பள்ளிகளில் மேத்தமேட்டிக்கல் மெத்தட்ஸ் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதற்கு ஈடான கணிதம் இல்லையென்றால் இடமே கிடையாது. மற்றொன்று, தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கும் அறிவு. யூஎன்எஸ்டபிள்யூ இந்த வழியைப் பின்பற்றுகிறது. அந்தக் கணிதம் தெரியாவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள், ஃபீஸையும் வாங்கிக்கொள்வார்கள். வகுப்பில் ஆசிரியர் அதைத் திரும்ப நடத்தமாட்டார். ஏஜென்ட்டுகள் இந்த இரண்டாவதை "மேத்ஸ் தேவையில்லை" என்று சொல்லி விற்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். முதல் பருவத்திலேயே கணிதமும் புள்ளியியலும் கலந்த அளவியல் தாளில் விழுந்து, திரும்ப எழுதப் பல ஆயிரம் டாலர் கட்டும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

உங்கள் மகள் வெறுங்கையோடு போகவில்லை. தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்தில் வகையிடல் இருக்கிறது, பெருமம் சிறுமம் இருக்கிறது, பகுதி வகையிடலும் அதை வைத்துத் தேவை நெகிழ்ச்சி காணும் கணக்குகளும் இருக்கின்றன. பிளஸ் டூவில் அணிகள், தொகை நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல்கள் வருகின்றன. பொருளியல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இதுதான். சிக்கல் பாடத்தின் பெயரில். சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் 'பிசினஸ் மேத்தமேட்டிக்ஸ்' என்று பார்த்ததும் எளிய வியாபாரக் கணக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடலாம். மாநிலப் பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்க அந்த அலுவலகங்களுக்கு நேரம் இருப்பதில்லை. ஆகவே நீங்களே அனுப்புங்கள். ஆங்கில வழிப் புத்தகங்கள் இரண்டின் பொருளடக்கப் பக்கத்தையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்து, "பி.காம். எகனாமிக்ஸ் மேஜருக்கு இந்தக் கணிதத்தை ஏற்பீர்களா" என்று ஒரே கேள்வி கேளுங்கள். மகளின் மின்னஞ்சலிலிருந்து நேராகப் போகட்டும், ஏஜென்ட் வழியாக வேண்டாம். பதில் எழுத்தில் வரவேண்டும். போனில் சொன்னது எதற்கும் ஆகாது.

இனி அந்த டிப்ளமா. பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளின் டிப்ளமாவில் தப்பில்லை, மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அது நல்ல ஏணி. 561 வாங்கிய பிள்ளையை ஏன் அதில் ஏற்றவேண்டும்? ஏஜென்ட்டுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. நீங்கள் கட்டும் ஃபீஸில் ஒரு பங்கு அது. எந்தக் கல்லூரி அதிகம் தருகிறதோ அந்தப் பெயர்தான் அவர் வாயில் முதலில் வரும். பாடங்களையும் பாருங்கள். வணிக டிப்ளமாக்களில் முதலாண்டுக்கு ஈடாகக் கணக்கியல், மேலாண்மை, மார்க்கெட்டிங் என்று நிரப்பியிருப்பார்கள். அவள் இரண்டாம் ஆண்டில் நுழையும்போது பக்கத்தில் இருப்பவர்கள் முதலாண்டு அளவியல் தாள்களை முடித்திருப்பார்கள், அவள் மார்க்கெட்டிங் முடித்திருப்பாள்.

"ஆறு மாதத்தில் மாறிக்கொள்ளலாம்" என்பதுதான் இதில் மிகப் பெரிய வலை. வெளிநாட்டு மாணவர்களுக்கான தேசிய விதிமுறையில் ஆறு மாதம் என்று இருப்பது உண்மை. அந்த ஆறு மாதம் எப்போது தொடங்குகிறது என்பதை அவர் சொல்லவில்லை. பிரதானப் படிப்பு தொடங்கும் நாளிலிருந்துதான் அதை எண்ணுவார்கள். டிப்ளமாவும் பட்டமும் சேர்ந்த பேக்கேஜில் சேர்ந்தால், பிரதானப் படிப்பு என்பது பட்டம்தான். எனவே டிப்ளமா ஓராண்டு முழுவதும், பிறகு பட்டப்படிப்பில் ஆறு மாதமும் ஆன பின்புதான் சுதந்திரம். கூட்டிப் பாருங்கள், ஒன்றரை ஆண்டு. அதற்குள் மாற அந்தக் கல்வி நிறுவனம் விடுவிப்புத் தரவேண்டும். ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்கும் மாணவியை யார் மனமுவந்து விடுவிப்பார்கள்? மாணவரைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறை, நடைமுறையில் மாணவரைக் கட்டிப்போடுகிறது.

இன்னொரு கொடுமை. ஆஸ்திரேலியாவுக்குள் விசா ஆலோசனை சொல்ல அரசுப் பதிவு வேண்டும், மீறினால் குற்றம். ஈரோட்டிலும் கோவையிலும் போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கட்டு இல்லை. விசா விண்ணப்பக் கட்டணமோ 710 டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600, அடுத்த ஜூலையில் 2,000 என்று ஏறிவிட்டது. மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. யாரோ அவசரத்தில் நிரப்பிய விண்ணப்பத்தின் செலவு உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும் என்பது சட்டம். உங்கள் கன்சல்டன்சியின் பெயர் மெல்பர்ன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெல்பர்ன் பி.காம்.மை அவர் ஏன் மட்டம் தட்டுகிறார் என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

பிஎச்.டி. ஆசை இருப்பதால் ஆனர்ஸ் பற்றியும் கேளுங்கள். நம் ஊரில் பி.ஏ. ஆனர்ஸ் என்றால் பட்டத்தோடு சேர்ந்து வருவது. அங்கே பெரும்பாலும் மூன்றாண்டு முடிந்தபின் தனியாக ஒரு நான்காம் ஆண்டு, அதில் ஓர் ஆய்வேடு. நல்ல சராசரியும், முன்கூட்டியே எடுத்திருக்கவேண்டிய கடினமான எகனாமெட்ரிக்ஸ், கணிதத் தாள்களும் இருந்தால்தான் சேர்ப்பார்கள். மூன்றாம் ஆண்டின் கடைசியில் விசாரித்தால் காலம் கடந்திருக்கும். முதலாண்டிலேயே ஆனர்ஸ் ஒருங்கிணைப்பாளருக்கு அவள் எழுதிக் கேட்கவேண்டும். ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கியின் ஆளுநராக 2023 செப்டம்பரில் பொறுப்பேற்ற மிஷேல் புல்லக், ஆர்மிடேல் என்ற சிற்றூரில் உள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர். நம் ஊர் ஏஜென்ட் எவரும் மேசைமேல் வைக்காத பெயர் அது. அங்கே பொருளியலில் ஆனர்ஸ் முடித்துத்தான் அவர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போனார்.

செலவு: மூன்று இடங்களிலும் ஆண்டுக் கட்டணம் 50,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுகிறது. விசாவுக்கு முதலாண்டு வாழ்க்கைச் செலவாக மட்டும் 29,710 டாலர் கணக்குக் காட்டவேண்டும். ஏஎன்யூ தலைநகர் கான்பராவில் இருப்பதால் கருவூலத்துறையில் வேலை என்று யாராவது சொன்னால், மத்திய அரசு வேலைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பார்கள் என்று அவருக்கு நினைவூட்டுங்கள்.

மூன்றில் ஒன்றைச் சொல் என்றால்: மெல்பர்ன் வணிகக் கணிதத்தை எழுத்தில் ஏற்றுக்கொண்டால் மெல்பர்ன். ஏற்காவிட்டால் ஏஎன்யூ, அங்கும் இதே கணிதக் கேள்வியை எழுதிக் கேட்டுக்கொண்டு. பத்து வாரப் பருவத்தை இவளுக்கு முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன்.

அவசரம் வேண்டாம். மே மாதம் ரிசல்ட் வந்து ஜூலையில் வகுப்பு என்றால் ஏஜென்ட்டின் அவசரத்துக்குத்தான் ஆடவேண்டிவரும். நடு ஆண்டில் சேர்ந்தால் பாட வரிசையும் குலையும். பிப்ரவரிச் சேர்க்கைக்குப் போங்கள். நடுவில் கிடைக்கும் மாதங்களில் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் நுண்கணிதப் பகுதியை ஒரு நல்ல ஆசிரியரிடம் அவள் படிக்கட்டும். ஸ்காலர்ஷிப் உண்மையானால் பல்கலைக்கழகத்தின் பெயரில், தொகையும் நிபந்தனையும் போட்ட கடிதமாக வரும். அந்தக் கடிதமும் கணிதம் பற்றிய பதிலும் கையில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். கட்டும்போதும் பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போகட்டும், கன்சல்டன்சியின் கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.